பாப்பம்மாவின் கச்சை

பாப்பம்மாவுக்கு இரண்டு பெயர். தோட்டத்தில் பாப்பம்மா, சபையில் எஸ்தர். ஞானஸ்நானம் எடுத்த அன்று, அடிவாரத்து ஆற்றில் முங்கி எழுந்து, பல் கிட்டிப்போய்க் கரையேறியவளுக்குப் பாஸ்டர் அந்த இரண்டாவது பெயரைக் கொடுத்தார். வரிசை வீடுகளான லயத்துச் சனம் இரண்டையும் தள்ளிவிட்டுத் தானே மூன்றாவதாக ஒன்றை வைத்துக்கொண்டது: அல்லேலூயா பாப்பம்மா. எல்கடுவைக்கு மேலே, மூடுபனி பகல் பத்து மணி வரைக்கும் எழுந்து போகாத அந்தத் தேயிலைத் தோட்டத்தில், எதற்கு அலுத்தாலும் பட்டப்பெயர் வைப்பதற்கு மட்டும் யாருக்கும் அலுக்காது.

அவள் வேதத்துக்குப் போனதை லயத்தில் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். நடந்தது இதுதான். புருசன் கசிப்புச் சாராயம் குடித்துக் குடல் வெந்து செத்தபின் பாப்பம்மா சோறு தின்னவில்லை, தூங்கவில்லை, மகள் ஹம்சிகா கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. செத்தவன் அவளைப் பிடித்துக்கொண்டான் என்று முடிவு கட்டினார்கள். பேயோட்டும் கோடாங்கியை வரவழைத்தார்கள். வேப்பிலையில் தொடங்கிய அடி சாட்டையில் முடிந்தது. முதுகு வீங்கிக் கிடந்தவளைப் பார்க்க சபையிலிருந்து நான்கைந்து பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கஞ்சி வைத்தாள். ஒருத்தி ஹம்சிகாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். பாஸ்டர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். அடிக்காத கை ஒன்று தலையில் பட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்குத் தூங்கினாள். பேய் போனதோ, பேய் என்று ஒன்று இருந்ததோ இல்லையோ, அவளுக்கு அற்புதம் என்றால் அந்தத் தூக்கம்தான்.

அதற்குப்பிறகு அவளை அசைக்க ஆளில்லை. அவளுடைய சொந்த அண்ணன் லெட்சுமணன்தான் தோட்டத்துக் கோயில் தலைவர். தாய் செத்தபோது பாப்பம்மா வாய்க்கரிசி போடமாட்டேன் என்று கைகட்டி நின்றாள். லெட்சுமணன் அவளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினார். தாயின் பெட்டி போவதை அவள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்றுதான் பார்த்தாள். கொஞ்சநாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் வாளியை நகர்த்திக்கொண்டார்கள். அவர்கள் போனபிறகு அவள் பிடித்துக்கொண்டு வந்தாள். "எஸ்தரம்மா மாதிரி நில்லுங்க" என்று பாஸ்டர் பிரசங்கத்தில் அவளைக் காட்டிப் பேசினார். கேட்டபோது அவளுக்குக் காது மடல் சூடேறியது. பெருமைதான், வேறென்ன.

பாஸ்டருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. விசுவநாதன் என்று பிறந்து, யோசுவாவாக ஊழியத்துக்கு வந்தவர். நல்ல மனிதர் என்றுதான் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஆள் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்றால் மழையிலும் வருவார். ஒரு ஞாயிறு, கரும்பலகையில் ஒரு போர்வீரனைக் கிறுக்கிவைத்து, விசுவாசி சாத்தானோடு சண்டைக்குப் போகும்போது என்னென்ன மாட்டிக்கொண்டு போகவேண்டும் என்று விளக்கினார். தலைக்குச் சீரா, மார்புக்குக் கவசம், கையில் கேடயம். எல்லாவற்றுக்கும் முதலில் இடுப்பில் சத்தியம் என்கிற கச்சை. "கச்சைன்னா என்ன?" என்று கேட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். கச்சை என்றால் கோவணம் என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

பாப்பம்மா மட்டும் எழுந்தாள். "நம்ம படங்கு மாதிரிங்களா பாஸ்டர்?"

கொழுந்தெடுக்கப் போகிறவள் காலையில் இடுப்பைச் சுற்றி ஒரு படங்குச் சீலையை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். அது இல்லாவிட்டால் தேயிலைச் செடியின் குச்சி துணியைக் கிழிக்கும், பனித்தண்ணீர் தொடை வரைக்கும் நனைக்கும். அதைக் கட்டியபிறகுதான் கூடையை எடுத்துத் தலையில் மாட்டுவாள். சபையே சிரித்தது. பாஸ்டரும் சிரித்துவிட்டு, "ஆமா, அப்படியே வச்சுக்குங்க" என்றார்.

அவள் அப்படியே வைத்துக்கொண்டாள். அதுதான் வினை. மற்றவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு. அவளுக்கோ, ஒவ்வொரு காலையும் படங்கைச் சுற்றிக் கயிற்றை முடிச்சுப் போடும்போது, "கர்த்தாவே, இன்னிக்கி என் வாயில பொய் வராமக் காத்துக்க" என்பது ஜெபமாகிவிட்டது. கணக்கப்பிள்ளை, "முத்தின இலை கிள்ளிப் போட்டது யாரு?" என்று கத்தினால், "நான்தாங்க" என்று முன்னே வந்து நிற்பாள். "அவ கிட்ட சொல்றதும் கோயில் ஸ்பீக்கர்ல சொல்றதும் ஒண்ணு" என்று பெண்கள் அவள் வரும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். உண்மை பேசுகிறவளுக்குக் கூட்டாளி சேராது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. ஏனென்றால் சபை இருந்தது.

சபை அவளுக்குக் கடைசியில் சம்பந்தி வீடாகவும் ஆகவிருந்தது. பாஸ்டரின் தம்பி தர்சன் ஆராதனையில் கீபோர்ட் வாசிப்பவன். அவனும் ஹம்சிகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது சபைக்கே தெரியும். மாத்தளை டவுனில் துணிக்கடையில் நிற்கும் ஹம்சிகா, லயத்துக் காம்பராவைவிட்டு உக்குவளையில் தனி வீட்டுக்குக் குடிபோகப் போகிறாள். வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயம் பண்ணியாயிற்று. மகள் பாடிக்கொண்டே வீட்டு வேலைக்கு ஓடியாடுவதைப் பார்க்கையில் பாப்பம்மாவுக்கு வயிறு நிறைந்துபோகும்.

அந்த மாசி மகத்தன்றுதான் எல்லாம் கெட்டது.

மாத்தளைத் தேர் என்றால் அந்த மலையில் ஒரு குஞ்சும் நிற்காது. லொறி பிடித்து, பஸ் பிடித்து, கைக்குழந்தையோடு எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அந்த வெறும் பகலைத்தான் பாஸ்டர் குறித்து வைத்திருந்தார். இந்த மலையை ஓர் ஆவி கட்டி வைத்திருக்கிறது, அதனால்தான் குடி, அதனால்தான் சாவு, அதன் வாசல் கவ்வாத்துசாமி என்று அதற்கு முந்தின வாரம் முழுக்கப் பிரசங்கித்தார். கவ்வாத்துசாமி என்பது மலை ஓரத்தில், சவுக்கு மரத்தடியில் ஒரு கல்லும் துருப்பிடித்த ஒரு சூலமும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில், கத்தி கையில் தவறக்கூடாது என்று அங்கே பொங்கல் வைப்பார்கள். பாப்பம்மாவின் அப்பாவும் வைத்தவர்தான்.

எரிகோ பட்டணத்தை இஸ்ரவேலர் ஏழு தரம் சுற்றிவந்து ஆர்ப்பரித்தார்கள், மதில் விழுந்தது. அவர்களை நடத்திக்கொண்டு போனவன் யோசுவா. தன் பெயரும் யோசுவா. பாஸ்டருக்கு அதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? சபை அந்தக் கல்லைச் சுற்றி வாய்பேசாமல் நடந்தது. ஏழாவது சுற்றில் எல்லாருமாகச் சேர்ந்து சத்தம் போட்டார்கள். பாப்பம்மாவும்தான் தொண்டை வலிக்கக் கத்தினாள்.

ஒன்றும் விழவில்லை. எரிகோவில் மதில் இருந்தது, விழுந்தது. இங்கே விழுவதற்கு மதிலே கிடையாது. கல் இருந்த இடத்தில் இருந்தது. ஆளாளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அந்த வெட்கத்தைத் தாங்கமாட்டாமலோ என்னவோ, தர்சன் பாய்ந்து சூலத்தைப் பிடுங்கி, கீழே ஓடைப் பள்ளத்துக்குள் விட்டெறிந்தான். பாஸ்டரின் முகம் ஒரு கணம் வெளிறியதைப் பாப்பம்மா பார்த்தாள். பிறகு யாரோ "ஸ்தோத்திரம்!" என்றார்கள். பாஸ்டரும் "ஸ்தோத்திரம்" என்றார். எல்லாரும் சொன்னதால் அவளும் சொன்னாள்.

மறுநாள் லயம் கொதித்தது. யார் எடுத்தது? தேருக்குப் போகாமல் இருந்தவன் யார்? வேதக்காரர்கள் சாமி கும்பிடாவிட்டாலும் சாமிமேல் கை வைக்கமாட்டார்கள் என்று லெட்சுமணனே சொன்னார். அந்த அளவுக்கு அவருக்குத் தங்கச்சிமேல் இன்னும் மதிப்பு இருந்தது. அப்படியானால் மிஞ்சினவன் அழகமுத்துதான். கடைசிக் காம்பராவில் ஒண்டியாகக் கிடக்கிறவன், பழைய இரும்பும் போத்தலும் பொறுக்கி விற்கிறவன், தேரன்றைக்கும் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தவன். சூலம் இரும்புதானே. அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வாசலில் வைத்து இளவட்டங்கள் அவனை அடித்தார்கள். "எங்கடா வித்த?" "எடுக்கலீங்க சாமி, சத்தியமா எடுக்கலீங்க." மேலே மலையில் தேயிலை நிரையில் நின்ற பாப்பம்மாவுக்கு அந்தச் 'சத்தியமா' நன்றாகக் கேட்டது. கை கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில், "எடுத்தேங்க, வித்துட்டேங்க" என்று அவன் அலறியதும் கேட்டது. அடி நின்றது. பொலிஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. ரிமாண்டில் போட்டார்கள்.

பாஸ்டர் போய்ச் சொல்லுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அந்தியில் அவர் வீட்டுக்கே போனாள். தர்சன் ஒரு மூலையில் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நாம ஒத்துக்கிட்டா என்ன நடக்கும்னு தெரியுமா எஸ்தரம்மா?" என்றார் பாஸ்டர். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "நாளைக்கே ஜெபவீட்டக் கொளுத்திருவாங்க. நம்ம புள்ளைகள ரோட்டுல நடக்க விடமாட்டாங்க. இது யுத்தம். யுத்தத்துல எதிரிகிட்ட எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. எரிகோவுல இருந்த ராகாப்ப நெனச்சுப் பாருங்க. யோசுவா அனுப்புன வேவுக்காரங்கள ஒளிச்சு வச்சுட்டுப் பொய்தானே சொன்னா? அவள தேவன் விசுவாசின்னு ஏத்துக்கலயா?"

பாப்பம்மாவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் எரிகோ கதை முழுக்கத் தெரியும். "ராகாப் பொய் சொன்னது ரெண்டு உசுரக் காப்பாத்த, பாஸ்டர். நம்ம ஒரு மனுசன உள்ள போட்டுட்டு இருக்கோம்."

"அவன் குடிகாரன். எப்படியும் ஒரு நாளைக்கி உள்ள போறவன்தான்." அவர் சற்று நிறுத்தி, தணிந்த குரலில், "ஹம்சிகா கல்யாணத்தையும் யோசிங்கம்மா" என்றார்.

அங்கேதான் அவள் வாய் அடைத்தது. யாரும் அவளைக் குறை சொல்ல வேண்டாம். எந்தத் தாய்க்கும் அங்கே அடைக்கும்.

அவள் பேசாமல் இருந்தும் சபை அவளை விடவில்லை. அவள் முகம் சரியில்லை என்று பார்த்துவிட்டார்கள். எஸ்தரம்மாவைச் சத்துரு பிடித்திருக்கிறான் என்று உபவாச ஜெபம் போட்டார்கள். நடுவில் உட்காரவைத்து, சுற்றி நின்று, எல்லாரும் கை வைத்தார்கள். "குழப்பத்தின் ஆவியே, வெளியே போ!" பாஸ்டரின் உள்ளங்கை அவள் உச்சியை அழுத்தியது. முன்னே அவளைத் தூங்க வைத்த அதே கை. ஒரு வாழ்க்கையில் இரண்டு தரம் அவளுக்குப் பேய் ஓட்டினார்கள். முதலில் புருசனை நினைத்துச் சோறு தின்னாமல் கிடந்ததற்கு. இப்போது ஒரு குடிகாரனுக்காக மனம் கேட்காததற்கு. இந்தத் தரம் அடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கோடாங்கியின் சாட்டை இதற்குத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

நாட்கள் போயின. ஒருநாள் நிரையில் பக்கத்தில் நின்றவள், "ஏன் அல்லேலூயா, அழகமுத்துதானே வித்திருப்பான்?" என்று கேட்டாள். பாப்பம்மா கொழுந்திலிருந்து கண்ணை எடுக்காமல், "யாருக்குத் தெரியும்?" என்றாள்.

யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். கண்ணால் பார்த்தவள் அவள். மறுநாள் காலை படங்கைச் சுற்றிக் கயிற்றை இழுத்தபோது, தினமும் சொல்கிற ஜெபம் வாயில் வரவில்லை. இரண்டு தரம் முடிச்சுப் போட்டாள், இரண்டு தரமும் அவிழ்த்தாள். பிறகு படங்கைச் சுருட்டி மூலையில் போட்டாள். நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு பஸ் ஏறிப் பொலிசுக்குப் போனாள்.

சார்ஜன்ட் சிங்களத்தில் பெயர் கேட்டார். எஸ்தர் என்று சொல்ல வாயெடுத்தவள், அடையாள அட்டையில் இருக்கிறபடி பாப்பம்மா என்றாள். பார்த்ததைச் சொன்னாள். தானும் சுற்றி வந்ததை, தானும் கத்தியதை, தானும் ஸ்தோத்திரம் சொன்னதைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: இத்தனை நாளும் எங்கே இருந்தீர்கள்? அவளுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் காட்டிய இடத்தில் பெருவிரலை அழுத்திவிட்டு எழுந்தாள்.

தோட்டமே பற்றியெரியும் என்று பாஸ்டர் பயந்தார் அல்லவா? அப்படி ஒன்றும் எரியவில்லை. ஜெபவீட்டுக் கண்ணாடி இரண்டு உடைந்ததோடு சரி. பொலிஸ் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தது. பாஸ்டர் மன்னிப்புக் கேட்டார். சபையே புதுச் சூலம் செய்து கொடுப்பதென்று பேசி முடித்தார்கள். ஓர் இரவு மட்டும் உள்ளே இருந்த தர்சனை விட்டார்கள். லெட்சுமணனும் பாஸ்டரும் கை கொடுத்துக்கொண்டார்கள். பிளேன்டீயும் பிஸ்கட்டும் வந்தது. அதைக் குடித்துக்கொண்டே இரண்டு பக்கமும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனது. இவ்வளவு தூரம் வந்திருக்கவேண்டியதில்லை, எல்லாம் அந்தப் பொம்பளையால்.

"தின்ன வீட்டையே காட்டிக் குடுத்தவ, நாளைக்கி நம்மளையும் காட்டிக் குடுப்பா" என்று லெட்சுமணன் லயத்தில் சொன்னார். சாமியைச் சுற்றி வந்தவள்தானே அவளும். அந்தப் பக்கம் அவளுக்கு இடமில்லை. இந்தப் பக்கம் ஞாயிறன்று தர்சன் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னான். கர்த்தருக்காகச் சிறைக்குப் போனேன், பவுலுக்குச் சிறைக்கதவைத் திறந்தவர் எனக்கும் திறந்தார் என்றான். சபை கைதட்டியது. அழகமுத்துவுக்குக் கதவு திறக்கக் காரணமானவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பாஸ்டர் யூதாசைப்பற்றிப் பிரசங்கித்தார். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒருத்திகூட அவளுக்கு ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கஞ்சி வைத்தவளும் சொல்லவில்லை, தலை பின்னிவிட்டவளும் சொல்லவில்லை. அவள் அதற்குப்பிறகும் ஞாயிறு தவறாமல் போனாள். வேறெங்கே போவாள்?

அழகமுத்து விடுதலையாகி வந்துவிட்டான். அன்றைய அடியில் முறிந்த வலது கை எலும்பு கூடாமல் கோணிப்போயிருந்தது. இனி அவன் இரும்பு தூக்கமுடியாது. கருப்பட்டியும் மாவும் எடுத்துக்கொண்டு பாப்பம்மா அவன் காம்பராவுக்குப் போனாள். அவன் குடிக்காமல் இருந்தான், அதுவே அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

"நீங்க போய்ச் சொன்னதாலதான் வுட்டாங்கன்னாங்க" என்றான்.

"ஆமாப்பா."

"எல்லாத்தையும் கண்ணால பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

அவன் கோணல் கையை மற்றக் கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "அப்ப நான் அடிவாங்கையில நீங்க மேல மலையிலதானே நின்னீங்க? அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கருப்பட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பாஸ்டர் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை, ஹம்சிகாவின் போனுக்கு ஒரு செய்திதான் வந்தது. கல்யாணம் இல்லை. தர்சனுக்குக் கண்டிப் பக்கம் வேறு சபையில் பெண் பார்க்கிறார்களாம். ஹம்சிகா அழுது பாப்பம்மா பார்க்கவில்லை. இரண்டு நாள் வழக்கம்போலத் துணிக்கடைக்குப் போய்வந்தாள். பிறகு கொழும்பில் வேலைக்குப் போகிறேன் என்று துணிகளைப் பையில் அடுக்கினாள். காலை முதல் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பாப்பம்மாவும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். படங்கு கையில் இருந்தது.

"ஹம்சிகா, நான் பொய் சொல்லியிருக்கணுமா? நீயே சொல்லு."

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீ பொய் சொல்லணும்னு நான் சொல்லல. அந்த ஆளு கையும் போச்சு, என் கல்யாணமும் போச்சு. மொதல்லயே சொல்லியிருந்தா அவராச்சும் பொழச்சிருப்பாரு. கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருந்தா நானாச்சும் பொழச்சிருப்பேன். ரெண்டும் இல்லாம நடுவுல போய்ச் சொல்லிட்டு இப்ப என்னைய கேக்குறியா?" வாசலில் நின்று, ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "ஒன் சத்தியத்த நீயே கட்டிக்கிட்டு அழு."

பஸ் கீழே வளைவில் ஹோர்ன் அடித்தது. மகளின் செருப்புச் சத்தம் படியில் இறங்கி, லயத்தைத் தாண்டி, கேட்காமல் போயிற்று. பெரட்டு மணி அடித்தது.

பாப்பம்மா படங்கை இடுப்பில் சுற்றினாள். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஜெபம் வந்தது, முழுசாக வந்தது. மகள் சொன்னபடியே கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.